மதகடியில் வண்டி நின்ற காரணம்

பிரபு,

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் அப்பா பேச்சை எடுத்தாலே நீ "சரிம்மா, வேலை இருக்கு, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வெட்ட முடியாது. மூடி வைத்தாலும் உன் அறையில் எங்காவது கிடக்கும், ஒருநாள் எடுத்துப் படிப்பாய். சத்துணவுக் கூடத்தில் எழுதி எழுதிப் பழகிய கை இது, நீளமாகத்தான் எழுதும். பொறுத்துக்கொள். நம் வண்டியை விற்றுவிடச் சொன்னாய் அல்லவா? விற்கப் போன இடத்தில் ஒன்று தெரியவந்தது. அது உனக்குத் தெரியாமல் இன்னும் ஒருநாள்கூட நீ அந்தத் திருப்பூரில் இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வருகிற ஐப்பசியில் அப்பாவுக்குத் தலைத்திவசம். கருமாதி முடிந்த கையோடு நீ கிளம்பிப் போனாய். தஞ்சாவூர் ஒர்க்‌ஷாப்பில் உன் முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பினார், நீ போகவில்லை. இன்ஜினைக் காதால் கேட்டே கோளாறு சொல்கிற பிள்ளை, திருப்பூர் குடோனில் பனியன் பெட்டி அடுக்குகிறான் என்று ஊரில் யாராவது கேட்டால் நான் என்ன சொல்வது? ஏன் போனாய் என்று நீ ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். உன்மேல் இருந்த கோபம் ஆறாமல்தான் அப்பா போனார், அதனால்தான் நீ கைவைத்த வண்டி அவரை ஏற்றிக்கொண்டு போக மாட்டேன் என்று மதகடியில் நின்றது, இதுதானே உன் மனதில் இருப்பது? உன் பெரியப்பா அன்று எல்லார் முன்னாலும் சொன்னதை நீ விழுங்கிவிட்டாய். நான் நம்பவில்லை, ஆனால் இல்லை என்று அடித்துச் சொல்ல என் கையிலும் ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

அப்பா ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தார் என்பதை நீ பாதிதான் கேட்டிருப்பாய். உன் தாத்தா இறந்தது நடவு முடிந்த மழைக்காலம். டவுனில் இருந்த அமரர் ஊர்திக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நம் தெரு என்றதும் பாதை சரியில்லை என்றார்கள். பாதை சரியில்லாததுதான் காரணமா என்று கேட்க அன்று யாருக்கும் நேரமில்லை. வரப்பு வழியாகத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவயலில் முன்னால் போன ஒருவருக்குக் கால் வழுக்கி, பாடையோடு தாத்தா சேற்றில் விழுந்தார். உன் அப்பா அந்தச் சேற்றைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறார், போகவில்லை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் இதை ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ வேலை பார்த்து, கடைசியில் ஒரு பழைய வேனை வாங்கி, பக்கத்தில் கண்ணாடி வைத்து, மேலே விளக்கு கட்டி, நம் தெருவாக இருந்தாலும் எந்தத் தெருவாக இருந்தாலும் கூப்பிட்ட குரலுக்குப் போய் நின்றார். பிணவண்டிக்காரன் என்று சொந்தத்திலேயே பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வேனின் இன்ஜின் புகையாகக் கக்கி ஓய்ந்தபோது நீ டிப்ளமா முடித்து வேலையில் இருந்தாய். திருச்சியில் பழைய இரும்புக் கடையில், அடிபட்ட காரிலிருந்து இறக்கிய டீசல் இன்ஜின் ஒன்றை அதன் கம்ப்யூட்டர் பெட்டியோடு வாங்கி வந்தாய். அப்பா அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்ஜினுக்கு எதுக்குடா கம்ப்யூட்டரு, அது என்ன பரீட்சையா எழுதப் போவுது?" என்று கேட்டார். நீ சிரித்தாய். அப்போதெல்லாம் நீங்கள் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வண்டிக்கு அடியில் கிடப்பாய், ஒயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். இது என்ன, அது என்ன என்று நான் கேட்டதற்கெல்லாம் நீ சலிக்காமல் பதில் சொன்னாய். பெட்டிக்கு இரண்டு பவர் வேண்டும், ஒன்று பேட்டரியிலிருந்து எப்போதும் இருப்பது, இன்னொன்று சாவியைத் திருப்பினால் வருவது என்றாய். பழைய சாவி வழியாகவே முழுக் கரண்டும் போனால் தாங்காது, அதனால் சாவி ஒரு ரிலேயைத் தட்டிவிட்டால் போதும், ரிலே பேட்டரியிலிருந்து வாங்கிப் பெட்டிக்குக் கொடுக்கும், நடுவில் ஒரு ஃபியூஸ் என்றாய். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. கூடத்துச் சாவியை ஆயாவிடம் கொடுத்துத் திறக்கச் சொல்வேனே தவிர நானே மூட்டை தூக்க மாட்டேன், அது மாதிரிதானே என்றேன். "கரெக்ட்டும்மா" என்றாய்.

பிறகு எர்த்துக்கு, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழிக்கு, வந்தாய். அங்கேதான் வினை பிடித்தது. பேட்டரியின் மைனஸிலிருந்து கட்டை விரல் மொத்தத்துக்கு ஒரு ஒயரை இழுத்து வந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பலகைக்கு அடியில் ஒரு போல்ட்டில் முடித்தாய். பெட்டியின் எர்த்து ஒயர்களை எல்லாம் அந்த ஒரே போல்ட்டில் சேர்த்தாய். துரு, பெயிண்ட் ஒன்றுமில்லாமல் வெள்ளி மாதிரி தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தாய். அப்பா நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னாத்துக்குடா இம்புட்டு ஒயர் வீணாக்குற? வண்டி பாடி பூரா எர்த்துதான். எங்க வேணா மாட்டு, எரியும்" என்றார். நீ, "அது பல்பு எரியறதுக்குப்பா. ஸ்டார்ட் பண்ண கிராங்க் அடிக்கிறப்ப இந்தப் பெட்டிக்கு எர்த்து ஒரு துளி ஆடுனாக்கூட இன்ஜின் புடிக்காது" என்றாய். அவர் விடவில்லை. வாழ்நாள் முழுக்க லாரியிலும் டிராக்டரிலும் பார்த்த பழக்கம். நம் வண்டிக் கொட்டகைக்கு வந்திருந்த ஆட்களைப் பார்த்து, "படிச்ச புள்ள, போல்ட்டுக்குப் பூச பண்ணிக்கிட்டு இருக்கு" என்றார். நீ எழுந்து, "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இந்த போல்ட்டுல நீங்க கையே வைக்கக் கூடாது" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டு, பெயிண்ட் எடுத்து அதைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் போட்டாய். அன்று நீ கத்தியது எனக்கே சுருக்கென்றது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதிலிருந்து இந்த வீட்டில் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான். "அவன சாப்புடச் சொல்லு." "அவரு மாத்திரை போட்டாராம்மா?" வண்டி என்னவோ அருமையாக ஓடியது. முத்துப்பேட்டை வரைக்கும்கூடப் போய் வந்தார். வண்டி எப்படி இருக்கிறது என்று நீ என்னிடம் கேட்பாய், ஓடுகிறது என்று அவர் என்னிடம் சொல்வார். தபால் ஆபீஸ் மாதிரி நடுவில் நான். தானாகச் சரியாகிவிடும், பண்டிகை வந்தால் பேசிக்கொள்வார்கள் என்று இருந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்த அன்று நீ தஞ்சாவூரில் வேலையில் இருந்தாய். ஆஸ்பத்திரிக்கு நீ ஓடிவந்தபோது அவர் பேசுகிற நிலையில் இல்லை.

இனி மதகடிக்கு வருகிறேன். நான் அங்கே இல்லை, தெருமுனையோடு பெண்களைத் திருப்பிவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். பார்த்தவர்கள் சொன்னதும் என் காதில் விழுந்ததும்தான் என்னிடம் இருப்பது. அப்பாவுக்கு முடியாத நாட்களில் ஓட்டுகிற முருகையன்தான் அன்று வண்டியை ஓட்டினான். முன்னால் கொள்ளிச்சட்டியோடு ஈரத்துணியில் நீ. வண்டி நிறைய மாலை. எந்தெந்த ஊரில் யார் யாரைச் சுமந்துபோனாரோ அவர்கள் வீட்டு ஆட்கள் எல்லாம் வந்து மாலை போட்டிருந்தார்கள். மைக்கில் பாட்டு. பாதி வழியில் இறக்கித் தலைமாட்டைத் திருப்பி வைக்கிற இடம் அந்த வாய்க்கால் மதகுதானே, அங்கே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இறக்கித் திருப்பி, மறுபடி ஏற்றினார்கள். முருகையன் சாவியைத் திருப்பினான். கிராங்க் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. அந்தக் கிராங்க் சத்தம் தெருமுனையில் நின்ற எனக்குக் கேட்டது.

அந்தக் கூட்டத்தில் அதைச் சரிசெய்யத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். உன் கையில் சட்டி. எடுத்த சட்டியைச் சுடுகாடு போகும்வரை கீழே வைக்கக் கூடாது. "யாராச்சும் இத ஒரு நிமிஷம் புடிங்க, நான் பாத்துடுறேன்" என்று நீ கெஞ்சியிருக்கிறாய். உன் பெரியப்பாதான், "கொள்ளிச்சட்டிய மாத்திக் குடுப்பானாடா எவனாச்சும்? தம்பி இந்த வண்டிய வேணாங்குறான். பெத்தவன் மனசு ஆறாமப் போனா இப்புடித்தான். தூக்குங்கய்யா" என்று சொன்னார். தூக்கினார்கள். தன் அப்பா விழுந்த அதே வரப்புப் பக்கமாக, மழையில், தோளில் போனார் உன் அப்பா. நீ முன்னால் நடந்தாய். நல்லவேளை, யாருக்கும் கால் வழுக்கவில்லை. எல்லாம் முடிந்து முருகையன் தனியாகத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால், ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. வெறும் வண்டி ஓடி வந்தது. அதற்குப் பிறகு யாருக்கு என்ன சந்தேகம்? உன் பெரியப்பா சொன்னதுதான் சரி என்று ஊரே சொன்னது. நீயும் அதைத்தான் நம்பினாய். வண்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் பார்த்திருப்பாய்.

போன வாரம் வண்டியை வாங்க மன்னார்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் வருவதாக இருந்தது. கொடுப்பதற்கு முன் அதிலிருக்கும் மைக் செட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள் என்று கூத்தாநல்லூர் காதர் பாய்க்குச் சொல்லி அனுப்பினேன். வண்டி ஓட ஆரம்பித்த பிறகு, நீ வேலைக்குப் போயிருந்த ஒருநாள், அப்பா சொல்லி அவர்தான் புது ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டியிருந்தார். வந்தவர் சீட்டுக்குப் பின்னால் பலகையைத் தூக்கினார். நான் டீத்தம்ளரோடு பக்கத்தில் நின்றேன். உன் சிவப்பு வளையம் அப்படியே இருந்தது. அதற்குள் உன் ஒயர்களுக்கு மேலே கறுப்பாக இன்னொரு ஒயர். நட்டு லொடலொடவென்று ஆடியது. போல்ட் முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. மாலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர், பன்னீர் எல்லாம் பலகை இடுக்கு வழியாக அங்கேதான் இறங்கியிருக்கிறது. நாலு பொரிகூட ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உன்னளவுக்குத் தெரியாது. ஆனால் எர்த்து ஒரு துளி ஆடினால் இன்ஜின் பிடிக்காது என்று நீ சொன்னதை நான் கேட்டவள். அன்று இன்ஜின் அணைந்திருந்தபோதும் பாட்டு நிற்காமல் ஓடியது. அந்த இழுப்பும் கிராங்க்கின் இழுப்பும் சேர்ந்து அந்த ஆடுகிற போல்ட்டின் மேல் விழுந்திருக்கிறது. திரும்பி வரும்போது பாட்டு இல்லை, அதனால் பிடித்துக்கொண்டது. இது சரிதானா என்று நீதான் சொல்ல வேண்டும், ஆனால் சரியாகத்தான் இருக்கும்.

"பாய், இது யாரு மாட்டுனது?" என்று கேட்டேன். அவர் முகம் செத்துவிட்டது. "நான்தான்க்கா மாட்டுனேன். மொதல்ல பாடியிலதான் எர்த்து எடுத்தேன். பாட்டு போட்டா கொர்ருன்னு ஒரே எரைச்சல். எடத்த மாத்தி மாத்திப் பாத்தேன், போவல. அண்ணன் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்பறம் அவரே பலகைய தூக்கி, இதுல மாட்டு பாய்னாரு. செவப்பு போட்டுருக்குண்ணே, தம்பி திட்டப் போவுதுன்னு சொன்னேன்" என்றார். அதற்கு உன் அப்பா என்ன சொன்னார் என்பதைக் காதர் பாய் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் நான் சேர்க்கவில்லை. "அடுத்தவன் மாட்டுனாத்தான் திட்டுவான், நான் அப்பன். இதுல மாட்டு. இந்த வண்டியிலயே உருப்படியான எர்த்து இது ஒண்ணுதான். நான் பாடியிலயே மாட்டுடான்னு சண்ட போட்டேன், அவன் கேக்கல. அவன் சொன்னதுதான் சரி." மாட்டிப் பாட்டைப் போட்டதும் இரைச்சல் சுத்தமாக நின்றுவிட்டதாம். அப்பா சீட்டைத் தட்டிக்கொண்டே, "பாத்தியா? என் பையன் வேல. நாளைக்கு நானும் இதுலதான் போவப்போறேன் பாய். அவன் போட்டது நடுவுல நிக்காது" என்று சொன்னாராம்.

அதைக் கேட்டு நான் அழுதேன், பிரபு. அவர் போன அன்றுகூட அப்படி அழவில்லை. காதர் பாயும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மேல் நீ கோபப்படாதே. சொன்ன இடத்தில் மாட்டினார், அவ்வளவுதான். அப்பா மேலும் கோபப்படாதே என்று சொல்லத்தான் வாய் வருகிறது, ஆனால் எனக்கே கோபமாக வருகிறது. நீ இங்கேதானே இருந்தாய்? அதே வீட்டில், அதே கூடத்தில், அதே சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு? "நீ சொன்னது சரிதாண்டா" என்று உன்னிடம் சொல்ல அந்த மனுஷனுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா? சொல்லியிருந்தால், அதில் வேறு எதையும் மாட்டாதீங்கப்பா என்று நீ சொல்லி அந்த நிமிஷமே கழற்றியிருப்பாய். வண்டியும் நின்றிருக்காது. நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அதைப் பற்றிப் பெருமையாக ஏதாவது தோன்றினால் தயவுசெய்து அந்தப் பிள்ளையிடமே சொல். மைக் செட்காரரிடம் சொல்லாதே. அதேபோல, உனக்குத் தெரிந்த வேலை என்றாலும் தெரியாதவரிடம் பொறுமையாகச் சொல். எனக்குச் சொன்ன பொறுமையில் பாதி அவருக்கும் சொல்லியிருக்கலாம். அவருக்கும் புரிந்திருக்கும்.

மைக் ஒயரைக் கழற்றி, போல்ட்டைத் தேய்த்து, நட்டை இறுக்கித் தரச் சொன்னேன். காதர் பாய் செய்தார். வாங்க வந்த ஆளிடம் வண்டி விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன், முணுமுணுத்துக்கொண்டே போனார். சரியாக அடுத்த நாள் கீழத்தெரு அஞ்சலை காலமானாள். வண்டி கேட்டார்கள். முருகையன் எடுக்கத் தயங்கினான், நான் சாவியைக் கையில் வைத்தேன். ஊர்வலம் தெருமுனைக்கு வந்ததும் மற்ற பெண்கள் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. "எங்கம்மா வர்ற?" என்று யாரோ அதட்டினார்கள். "வண்டி எங்களுது, பாக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மதகடியில் இறக்கினார்கள், திருப்பினார்கள், ஏற்றினார்கள். கூட்டமே முருகையனைப் பார்த்துக்கொண்டு நின்றது. உன் பெரியப்பாவும் நின்றார். முருகையன் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பு. இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான் உன் பெரியப்பாவிடம் போய், "இப்ப யாரு மனசு ஆறிப்போச்சுன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் அவர் எதிரில் நின்று நான் பேசியதே இல்லை. பிறகு காதர் பாய் சொன்னதை எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். அவர், "எனக்கு என்னாம்மா தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் நடந்து போனார்.

வண்டிக்காக நீ வர வேண்டாம். அது ஓடுகிறது, முருகையன் பார்த்துக்கொள்வான். திருப்பூர் வேலைதான் பிடித்திருக்கிறது என்றால் அதையே செய், பெட்டி அடுக்குவதும் வேலைதான். ஆனால் அப்பா கோபத்தோடு போனார் என்று நினைத்துக்கொண்டு செய்யாதே. அந்தப் பொய்யை இன்றோடு விட்டுவிடு. எனக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, பார்வை மங்குகிறது, இந்தக் கடிதத்தையே பெரிய எழுத்தில் எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு இருப்பது நீ ஒருவன். உன்னை எனக்குப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான்.

திவசத்துக்கு மந்திரம் சொல்ல ஐயர் மாதிரி யாரும் நமக்கு இல்லை, பழையபடி காவிரிக் கரையில்தான் வைக்கிறோம். நேற்று உன் பெரியப்பா வீட்டுக்கு வந்து, நீ வராவிட்டால் தன் மகனை விட்டுப் பிண்டம் வைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். வேண்டாம், செத்தவர் பெற்ற பிள்ளையே வருகிறான், அவன்தான் வைப்பான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என்னைப் பொய்க்காரியாக்கிவிடாதே.

உன் அம்மா